பெயர் பதிவும் பணியும்: திருகோணமலைத் திருச்சபைகளில் அங்கத்தவராதல்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள திருச்சபைகளில் அங்கத்தவராவதற்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று, சபையின் பதிவேட்டில் பெயர் ஏறுவது. மற்றது, பிறர் நம்பியிருக்கும் ஒரு வேலையை வாரந்தோறும் பொறுப்பேற்றுச் செய்வது. முதற்படி சில வாரங்களில் முடிந்துவிடும். இரண்டாவது கைவர ஓராண்டாவது செல்லும். பதிவோடு நின்றுவிடுகிறவர்கள் எல்லாச் சபைகளிலும் நிறையவே இருப்பதால், இவ்வத்தியாயம் இரண்டாவது படிக்கே கூடுதல் இடம் தருகிறது.

எந்தச் சபை, எந்த முறை

நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் எண்ணிக்கையில் பெரியது கத்தோலிக்கத் திருச்சபை. திருகோணமலை 1893இல் தனி மறைமாவட்டமாயிற்று. அது இயேசு சபைத் துறவிகளின் பொறுப்பில் விடப்பட்டது. மட்டக்களப்பையும் சேர்த்தே நெடுங்காலம் இயங்கிய இந்த மறைமாவட்டம் 2012இல் இரண்டாகப் பிரிந்தது. புனித மரியாள் பேராலயம் இதன் தலைமைக் கோயில். குவாடலூப்பே அன்னை ஆலயம், பாலையூற்று லூர்து அன்னை ஆலயம் ஆகியவை நகர்வாசிகள் நன்கறிந்தவை. மூதூர் போன்ற குடாவின் அக்கரை ஊர்களிலும் பங்குகள் உண்டு.

மெதடிஸ்த திருச்சபையின் வேர் 1814இல் காலியில் வந்திறங்கிய வெஸ்லிய மிஷனரிமாரிடம் இருக்கிறது. தமிழ்ப் பகுதிகளுக்கென யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அன்று ஆட்கள் அனுப்பப்பட்டனர். கிழக்கில் அச்சபை கல்விக்கூடங்களோடு வளர்ந்தது. திருகோணமலை மெதடிஸ்த பெண்கள் கல்லூரி அதற்கு இன்றும் சான்று. அங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபை பிரித்தானியப் படையோடும் கடற்படையோடும் வந்தது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமான சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852இல் பர்மாவில் இறந்தபின் அடக்கம் செய்யப்பட்டது திருகோணமலையின் பழைய சேமக்காலையில்தான். இங்குள்ள இலங்கைத் திருச்சபை ஆலயங்கள் அச்சபையின் கொழும்பு மறைமாவட்டத்துக்குள் அடங்கும். இவற்றோடு பெந்தெகொஸ்தே சபைகளும் சிறிய சுயாதீன சபைகளும் உள்ளன. அவற்றின் நடைமுறை சபைக்குச் சபை வேறுபடுவதால் இங்கே விரிக்கப்படவில்லை. அங்கே சேர விரும்புகிறவர் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: சபையின் பணக்கணக்கை யார் பார்க்கிறார்கள்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத சபையில் பொறுப்பேற்க அவசரப்பட வேண்டாம்.

பதிவு

கத்தோலிக்கரைப் பொறுத்தவரை பங்கு என்பது பெரும்பாலும் நில எல்லை. திருமுழுக்குப் பெற்ற ஒருவர் ஒரு பங்கின் எல்லைக்குள் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடிவந்தாலே அப்பங்கின் உறுப்பினராகிவிடுகிறார். எண்ணம் எதுவாயினும் ஐந்து ஆண்டுகள் வசித்தாலும் அப்படியே. மூன்று மாதமாவது தங்க வருகிறவருக்கும் திருச்சபைச் சட்டம் தற்காலிக வதிவிட உரிமை தருகிறது. ஆகவே கத்தோலிக்கர் புதிதாகச் ‘சேர’ வேண்டியதில்லை. தாம் வந்திருப்பதைத் தெரிவித்தால் போதும். ஆனால் தெரிவிக்காமல் விடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. பிள்ளைக்கு முதல் நன்மை கொடுக்கும்போதோ, கலியாணம் பேசி முடிந்து அறிவித்தல் வாசிக்க வேண்டி வரும்போதோதான் பல குடும்பங்கள் பங்குத்தந்தையின் வாசற்படியை மிதிக்கின்றன. அப்போது ஆவணம் தேடி அலைய நேர்கிறது.

கொண்டு செல்ல வேண்டியவை எளியவை: திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிப்பூசுதல் விவரம், மணமானவர் என்றால் கோயிலில் நடந்த திருமணத்தின் சான்று. திருமுழுக்குச் சான்றிதழைப் புதிதாக எடுப்பதே நல்லது. உறுதிப்பூசுதலும் திருமணமும் பின்னாளில் அதே திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்படுவதால், பழைய பிரதியில் அக்குறிப்புகள் இருக்கமாட்டா. போரிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் வீட்டோடு கடதாசிகளையும் இழந்தவர்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். அவர்கள் தம் பழைய பங்குக்கு எழுதிப் பிரதி கேட்கலாம். மூலப் பதிவேடும் அழிந்திருந்தால், திருமுழுக்கை நேரில் கண்ட நம்பகமான ஒருவரின் சாட்சியம் போதும் என்று சட்டம் இடங்கொடுக்கிறது. வளர்ந்த பின் திருமுழுக்குப் பெற்றவராயின் அவருடைய உறுதிமொழியே ஏற்கப்படும்.

மெதடிஸ்த சபையில் முறை வேறு. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர், வளர்ந்தபின் ஆயத்த வகுப்பு முடித்துத் திடப்படுத்தல் பெற்றால்தான் முழு அங்கத்தவர். வேறு ஊரிலிருந்து வருகிறவர் பழைய சபையின் போதகரிடம் மாற்றுக் கடிதம் பெற்று வர வேண்டும். அங்கிலிக்கன் சபையிலும் பேராயரின் கையால் திடப்படுத்தல் உண்டு. ஆலயத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டுமே ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிக்க முடியும்.

இம்மூன்று சபைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்களுக்கு மறுபடி திருமுழுக்கு வேண்டியதில்லை. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் தண்ணீராலும் மூவொரு கடவுளின் பெயராலும் கொடுக்கப்பட்ட திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லுபடியானதாகவே ஏற்கிறது. கிறிஸ்தவரல்லாத குடும்பத்திலிருந்து வருகிற வளர்ந்தவருக்குக் கத்தோலிக்கப் பங்குகளில் திருமுழுக்குக்கான ஆயத்தம் பல மாதங்கள் நீளும். வழக்கமாகப் பாஸ்காத் திருவிழிப்பு இரவில் அது நிறைவுறும். விரும்பிய சமயத்தை ஏற்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை உறுதிசெய்கிறது. ஆயினும் கோணேசர் கோயிலும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் அருகருகே உள்ள ஊர் இது. வீட்டாருக்குத் தெரியாமல் திருமுழுக்குப் பெற அவசரப்படுகிற இளைஞரைப் பொறுத்திருக்கச் சொல்லும் குருவானவரே நல்ல குருவானவர்.

முதல் மாதங்கள்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மட்டும் தலையைக் காட்டுகிறவரை எவருக்கும் தெரியாது. ஆள் அறிமுகமாவது சிறு கூட்டங்களில். கத்தோலிக்கரிடம் அது அன்பியம்: பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, வேதாகமம் வாசித்து, செபித்து, தேநீர் குடித்துக் கலையும் கூட்டம். மெதடிஸ்தரிடம் வீட்டு ஜெபக்கூட்டம். இதன் பழைய வடிவம் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் காலத்து வகுப்பு; 1742இல் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்டுவதற்காகப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகச் சபை பிரிக்கப்பட்டது. பணம் வாங்க வீடுவீடாகப் போன தலைவர்கள் அங்கே நோயையும் வறுமையையும் கண்டார்கள். பணத்துக்காகத் தொடங்கிய ஏற்பாடு அவ்விதமே மேய்ப்புப் பணியாக மாறியது.

புதியவர் செய்ய வேண்டியது எளிது. கூட்டத்துக்குத் தவறாமல் போக வேண்டும், தன் வீட்டிலும் ஒருமுறை கூட்டம் வைக்க வேண்டும், கூட்டம் முடிந்தபின் கதிரைகளை அடுக்க வேண்டும். கருத்துச் சொல்வதைத் தள்ளிப்போடலாம். முன்பிருந்த ஊரில் எப்படி நடந்தது என்று வந்த முதல் மாதத்திலேயே விவரிக்கிறவரை எந்தச் சபையும் விரும்பியதாகத் தெரியவில்லை.

ஒரு வீட்டில் யாராவது இறந்தால் அங்கே போவது இக்கால கட்டத்தின் மிக முக்கியமான வேலை. துறைமுகப் பகுதி ஊர்களில் செத்தவீட்டுக்கு வந்தவரை மக்கள் மறப்பதில்லை. திருநாளுக்கு வந்தவரை அவ்வளவாக நினைவில் வைப்பதுமில்லை.

பணிகள்

பொதுநிலையினர் பொறுப்பேற்பது இலங்கையில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த புதுமை அன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்தது. கோவாவிலிருந்து 1687இல் மறைவாக வந்த யோசேப் வாஸ் அடிகளும் அவரைத் தொடர்ந்த ஒறற்றோரியன் குருக்களும் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தே திருச்சபையைக் காத்தனர். குரு ஆண்டுக்கொருமுறை வந்தால் அதிகம். செபம் சொல்வதும், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும், அவசரத்தில் திருமுழுக்குக் கொடுப்பதும் இவர்கள் கையிலேயே இருந்தன. வாஸ் அடிகள் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். மூப்பர் என்ற பதவி கரையோர ஊர்கள் சிலவற்றில் இன்னும் உயிரோடிருக்கிறது.

இன்றைய பணிகளில் முதலில் கைக்கெட்டுவது வாசகம் வாசித்தல். எளிதென்று எண்ணி ஏறிச் சொதப்புகிறவர்கள் இதில்தான் அதிகம். கத்தோலிக்க ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருபவை. அடுத்த ஞாயிறுக்குரியது எது என்பது முன்கூட்டியே தெரியும். புதன்கிழமைக்குள் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் பெயர்கள் பழைய வேதாகமத்தில் உள்ளவைபோல் இரா. பழைய ஒலிப்பில் வளர்ந்தவர் நடுவில் தடுமாறுவது இதனால்தான். பவுலின் நீண்ட வாக்கியங்களில் எங்கே மூச்சுவிடுவது என்று பென்சிலால் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். ஒலிவாங்கி வாய்க்கு மிக அருகில் வேண்டாம். மின்விசிறிகளின் இரைச்சலுக்கு மேல் கேட்பதற்கு வேகத்தைக் குறைப்பதே வழி, சத்தம் கூட்டுவதன்று. வாசகர், பீடத்துணைவர் என்னும் பணிகளில் பெண்களையும் நிலையாக நியமிக்கலாம் என்று 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தைத் திருத்தினார். நடைமுறையில் அதற்கு வெகுமுன்பே பெண்கள்தான் இங்கே பெரும்பாலும் வாசித்து வந்தனர்.

மறைக்கல்வி, அதாவது ஓய்வுநாள் பாடசாலை, எப்போதும் ஆள் தட்டுப்பாடுள்ள பணி. நல்ல ஆசிரியர் ஒருவர் உள்ளூர்ச் சபைக்குச் செய்வதைத் திருநாள் குழு முழுவதும் சேர்ந்தாலும் செய்ய முடியாது. காலை நேரத் தனியார் வகுப்புகளே இதற்குப் பெரிய போட்டி. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் ஆண்டில் பிள்ளைகள் மறைக்கல்வியை விட்டுவிடுகிறார்கள். சமயம் அப்பரீட்சையில் ஒரு கட்டாயப் பாடம் என்பதைப் பெற்றோருக்கு நினைவூட்டுவது ஓரளவு பலன் தரும். புதிதாகப் படிப்பிக்க வருகிறவர் முதல் தவணை முழுதும் அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும். தவணை நடுவில் விட்டுப்போகும் எண்ணமிருந்தால் இப்பணியை ஏற்காமலிருப்பதே பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி.

சிறுவரோடு பழகும் எல்லாப் பணிகளுக்கும் சில விதிகள் விட்டுக்கொடுக்க முடியாதவை. பிள்ளை ஒருவரோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது; வகுப்பில் எப்போதும் பெரியவர் இருவர் வேண்டும்; சுற்றுலாவுக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். துன்புறுத்தல் பற்றிய ஐயம் எழுந்தால் அதைச் சபைக்குள் பேசி முடிப்பது குற்றத்தை மறைப்பதாகும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் எவ்வளவு மதிப்புக்குரியவராயினும் இதில் மாற்றமில்லை.

பாடகர் குழு, பீட அலங்காரம், மரியாயின் சேனை, வின்சென்ட் டி போல் சபை, மாதர் சங்கம், வாலிபர் ஐக்கியம் ஆகியவற்றில் எதில் சேரலாம் என்பதை விருப்பம் தீர்மானிக்கட்டும். நோயாளர் சந்திப்புக்கு மட்டும் ஒரு குறிப்பு: வைத்தியசாலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பது நோயாளிக்குப் பாரம். பக்கத்துக் கட்டிலில் முஸ்லிமோ சைவரோ இருப்பார். செபத்தை மெதுவாகச் சொல்ல வேண்டும், அவரையும் நலம் விசாரிக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் வாசலில் நின்று பைகளைப் பார்ப்பதும் ஒரு திருச்சபைப் பணியாகிவிட்டது. அன்று தாக்கப்பட்ட மூன்று ஆலயங்களில் ஒன்று அண்டை மாவட்டமான மட்டக்களப்பின் சீயோன் தேவாலயம். வாசலில் நிற்கிறவரே வருகிறவர்களை முதலில் வரவேற்கிறவர் என்பதால், முகம் பார்த்துப் பேசத் தெரிந்தவரை அங்கே நிறுத்துவது விவேகம்.

திருநாளும் கடற்காலமும்

கொடியேற்றத்தில் தொடங்கி நவநாள் செபங்களோடு நடந்து, நற்கருணைப் பெருவிழாவும் திருச்சொரூபப் பவனியும் திருநாள் பூசையுமாக நிறைவுறும் பங்குத் திருநாள், புதியவரை வேலைக்கு இழுக்கும் காலம். பந்தல், ஒலிபெருக்கி, வீதிக்கு அனுமதி, குடிதண்ணீர், கோயில் வளவு துப்புரவு என்று வேலைக்குக் குறைவில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவரைக் குழு உடனே கண்டுபிடித்துவிடும். புதியவருக்குப் பொருத்தமானது துப்புரவும் தண்ணீரும். திருச்சொரூபக் கூடு சுமப்பதற்கும் கொடியேற்றுவதற்கும் குடும்ப வழியிலும் தெரு வழியிலும் வந்த உரிமைகள் சில ஊர்களில் உண்டு. அவை நியாயமா என்று வாதிடலாம்தான், முதலாண்டில் வேண்டாம்.

பணி அட்டவணை போடும்போது கடலைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ நவம்பர் முதல் பெப்ரவரி வரை, கிழக்குக் கடல் கொந்தளிப்பாயிருக்கும். அப்போது மீனவர் கரையிலிருப்பர், கையில் காசிராது. ஏப்ரலுக்குப் பின் கடல் தணியும்; தொழில் மும்முரமாகும். தென்மேல் பருவக்காற்றால் மேற்குக் கரையில் தொழில் செய்ய முடியாத மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கு வந்து வாடி அமைத்துத் தங்குவது நெடுநாள் வழக்கம். அவர்களிற் பலர் கத்தோலிக்கர். கடற்படை, விமானப்படை முகாம்களிலும் சீனக்குடாத் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு வருகிறவர்களிலும் கத்தோலிக்கர் உண்டு. இவர்களிற் பலர் சிங்களம் பேசுகிறவர்கள் என்பதால், சிங்களத்தில் வாசிக்கவும் பாடவும் தெரிந்த ஒருவர் பங்கில் கிடைத்தால் அவருக்கு வேலை தயாராக இருக்கிறது. உடன் உழைப்பவரின் மொழியைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்வதும் பணிதான். போருக்குப் பின்னான திருகோணமலையில் இதைச் சிறிய விஷயமாக எடுக்க முடியாது.

அனர்த்த காலத்தில் கோயில் மண்டபம் எல்லாச் சமயத்தவருக்கும் திறக்கப்படும். போரிலும் ஆழிப்பேரலையிலும் கிழக்கில் இது பலமுறை நடந்தது. கத்தோலிக்கரின் சமூகப் பணி அமைப்பான எகெட் கரித்தாஸ் ஊடாகவோ பிரதேச செயலகத்தின் ஊடாகவோ நிவாரணம் வரும்போது பெயர்ப்பட்டியல் தயாரிக்க ஆள் வேண்டும். அப்பட்டியலில் சபை அங்கத்தவரை முன்னுக்கு வைப்பதும், சோற்றுப் பொதியோடு துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் ஆண்டுக்கணக்கில் கட்டிய அயலுறவை ஒரே நாளில் கெடுக்கும்.

பணமும் பொறுப்பும்

ஒவ்வொரு கத்தோலிக்கப் பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அருட்பணிப் பேரவை ஆயரின் முடிவைப் பொறுத்தது. அதற்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. இது தெரியாமல் பேரவைக்குத் தெரிவாகி, தம் சொல் எடுபடவில்லையென்று கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மெதடிஸ்த சபையில் ஆண்டுக் கூட்டத்தில் தெரிவாகும் உக்கிராணக்காரர் கையில் உண்மையான அதிகாரம் இருக்கிறது. போதகர் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். உக்கிராணக்காரர் அங்கேயே இருப்பார்.

காணிக்கை எண்ணும்போது இருவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இருவரும் ஒரே குடும்பத்தினராயிருக்கக் கூடாது. தொகையை அன்றே எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் இட வேண்டும். திருநாள் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுவது வீண்பேச்சை நிறுத்தும். தசமபாகம், சந்தா, பூசைக் காணிக்கை எதுவாயினும் தன்னால் முடிந்த தொகையைத் தீர்மானித்து மாதந்தோறும் கொடுப்பது, திருநாளுக்கு ஒரு பெருந்தொகை கொடுத்துப் பெயர் வாசிக்கச் சொல்வதைவிடச் சபைக்கு உதவும். மின்சாரக் கட்டணம் மாதந்தோறும் வருகிறது.

ஓய்தலும் விடைபெறுதலும்

ஆர்வமுள்ளவருக்கு வேலை மேல் வேலை சேரும். பாடகர் குழு, மறைக்கல்வி, அன்பியப் பொறுப்பு மூன்றையும் ஒருவரே சுமந்தால் இரண்டாம் ஆண்டில் மூன்றையும் விட்டுவிடுவார். ஒரு பணி நிலையாக, இன்னொன்று உதவிக்கு என்பது தாங்கக்கூடிய அளவு. குழு ஒன்றின் தலைமையில் ஆண்டுக்கணக்காக இருக்கிறவர் தனக்குப் பின் வரப்போகிறவரை அருகில் வைத்துப் பழக்க வேண்டும். தான் இல்லாவிட்டால் நடக்காது என்பது பெருமைக்குரிய செய்தி அல்ல.

பிணக்கு வந்தால் முதலில் அந்த ஆளோடு நேரில் பேச வேண்டும். பிறகு குருவானவரிடம் போகலாம். வட்ஸ்அப் குழுவில் எழுதுவது எந்தப் பிணக்கையும் தீர்த்ததில்லை. பேசியும் தீராவிட்டால் அப்பணியிலிருந்து விலகி வேறொன்றை ஏற்கலாம். சபையை விட்டே போக வேண்டிய அளவுக்குப் பெரிய காரணங்கள் மிகச் சிலவே.

இடமாற்றம் பெற்று ஊரை விட்டுப் போகிறவர் ஒரு மாதம் முன்னதாகவே சொல்ல வேண்டும். சாவிகளையும் கணக்குப் புத்தகத்தையும் பாடற் பிரதிகளையும் அடுத்தவரிடம் கையளித்து, பட்டியலில் இருவரும் ஒப்பமிட வேண்டும். மெதடிஸ்தர் மாற்றுக் கடிதத்தையும், கத்தோலிக்கர் திருமுழுக்குச் சான்றிதழின் புதிய பிரதியைப் பெறுவதற்கான விவரத்தையும் கையோடு கொண்டு போனால், சேரும் ஊரில் முதல் வாரத்திலேயே பெயரைப் பதிந்துகொள்ளலாம்.